மரியாதைக்கு எண்ணக் கூடாது

பல்கலைக்கழகத்தில் சிறந்த ஆசிரியர்களைக் கௌரவித்த அன்று, எங்கள் பறவையியல் பேராசிரியையைப் பற்றி ஓர் இளம் விரிவுரையாளர் பாராட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். கற்பித்தலில் அவர் காட்டிய சிரத்தை, மாணவர்களைக் கைதூக்கிவிட்ட குணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "மூடுபனிக்குள் மறைந்திருக்கும் பறவையைக்கூடக் குரலை வைத்தே இனங்காணும் கூரிய செவி படைத்தவர்" என்று குரலை உயர்த்தி நிறுத்தினார். கைதட்டலுக்காக நிறுத்தினார் என்று நினைக்கிறேன். அதற்குள் மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பேராசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தோள் குலுங்குகிற சிரிப்பு. வாசித்தவர் பாவம், எதையாவது தப்பாக வாசித்துவிட்டோமா என்று தாளைப் புரட்டிப் பார்த்தார். சபையின் நடுவரிசையில் நானும் சிரித்தேன். "எடம் பொருள் தெரியாம என்னாடி சிரிப்பு?" என்று பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையில் கிள்ளினார். அம்மாவுக்கும் விஷயம் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பேராசிரியையை நாங்கள் மிஸ் என்றே கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மலைநாட்டுப் பறவைகளைத் தேடி வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கேயே கழித்தவர். வகுப்பில் மடிப்புக் கலையாத சேலை. மலைக்குப் போனால் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், யாரோ சின்னப் பையன் கழற்றிப் போட்டது மாதிரி ஒரு கம்பளித் தொப்பி. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார். அதையும் மீறி ஏறிய அட்டையைப் பிடுங்கி, "உமக்கும் காலமைச் சாப்பாடு வேணும்தானே" என்று அதனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீசுவார். நான் டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா நான் சிறியவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எங்கள் தோட்டத்து டிவிசனில் இருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமையைவிடப் பயமே அதிகம். விலங்கியல் கிடைத்தது. அங்கே போய்ச் சேரும்வரை காகம், மைனா, கிளி தவிர மற்றதெல்லாம் எனக்குச் சிட்டுதான்.

மிஸ் பறவை எண்ணக் கற்றுக்கொடுத்த விதத்தை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. இரண்டு பேரை முதுகோடு முதுகு வைத்து நிறுத்துவார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. மலையில் விடியற்காலையில் பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிற மரமே தெரியாது. ஆகவே காதால்தான் எண்ண வேண்டும். கேட்ட குரலையெல்லாம் எழுதிய பிறகு இருவரும் திரும்பி நின்று, வித்தியாசப்படுகிற ஒவ்வொன்றுக்கும் சண்டை போட வேண்டும். சண்டை என்றுதான் மிஸ்ஸே சொல்லுவார். "போய்ச் சண்டை பிடிச்சு முடிச்சுப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் ரொட்டி." ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அதுவரை ஆறிக்கொண்டிருக்கும். பசி தாங்காமல் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "மரியாதைக்கு எண்ணாதேங்கோ பிள்ளையள். மரியாதை காட்ட வேணுமெண்டால் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தாங்கோ. குருவிக்கு அது தேவையில்லை" என்பார்.

எனக்கு இது லேசில் வரவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலை பிரித்துக்கொடுக்கிறபோது கணக்கப்பிள்ளை எதைத் தப்பாகச் சொன்னாலும் "சரிங்க" என்றுதான் சொல்ல வேண்டும். முணுமுணுப்பெல்லாம் மலையேறிய பிறகுதான். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். முதல் பயணத்தில் எனக்கு ஜோடியாக வாய்த்தவள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். அவள் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன். மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓம் எண்டு சொல்லுறதுக்கு இவ்வளவு தூரம் படிச்சு வரத் தேவையில்லைப் பிள்ளை. உமக்கு என்ன கேட்டது?" என்றார். "ரெண்டு குக்குறுவான் கேட்டுச்சுங்க மிஸ்" என்றேன். "அவ ஒண்டெண்டு எழுதியிருக்கிறா. பிறகேன் நீரும் அடிச்சு ஒண்டாக்கினனீர்?" எனக்கு அழுகை முட்டியது. "போய்ச் சண்டை பிடியும்" என்றார். போய்ப் பிடித்தேன். அரைகுறைச் சிங்களத்தில், கையைக் காலை ஆட்டி, இந்தப் பக்கம் ஒரு குக்குறுவான் கத்த அந்தப் பக்கம் மற்றது பதில் சொன்னதை நடித்தே காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து நாங்கள் இணைபிரியாத சிநேகிதிகள்.

ஆனால் மிஸ் மட்டும் தனியாகத்தான் எண்ணுவார். ஆரம்பத்தில் மாணவர்களோடு ஜோடி சேர்ந்து பார்த்தாராம். ஒருவரும் அவரோடு சண்டை போடவில்லை. மிஸ் இரண்டு என்றால் அவர்களுக்கும் இரண்டு. மிஸ் எழுதாததை அவர்கள் சத்தமில்லாமல் அடித்துவிட்டார்கள். இதில் பலனில்லை என்று அவர் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார். மலைநாட்டுப் பறவைக் குரல்களை அவர் அளவுக்கு அறிந்தவர் நாட்டிலேயே இல்லை என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரோடு யார் மல்லுக்கு நிற்பது? இப்படித் தனியாக, அதே தோட்டங்களில் அதே இடங்களில் விடியற்காலைப் பனியில் நின்று, காதால் மட்டுமே பல வருடங்களாக எண்ணி வந்தார். அந்தக் கணக்கில் ஒரு பறவை மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. அதன் பெயர் வெள்ளைக்கண்ணி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மெல்லிய கீச்சுக்குரல். எங்கே போனாலும் கூட்டமாகப் போகும். தேயிலைக்கு நிழல் தருகிற சவுக்கு மரங்களை வெட்டுவதாலும் மருந்தடிப்பதாலும் அது தோட்டங்களை விட்டுப் போகிறது என்று மிஸ் எழுதினார், கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார். பேசும்போது குரல் உடைந்துவிடும். சொந்தக்காரர் ஒருவரின் சாவைச் சொல்கிற மாதிரிதான் சொல்லுவார்.

இறுதி வருட ஆய்வுக்கு எனக்கு அந்த வெள்ளைக்கண்ணியைத்தான் கொடுத்தார், அதுவும் எங்கள் டயகமவில். "உம்மட ஊர்க் குருவி. ஏன் போகுது எண்டு நீர்தான் கண்டுபிடிக்க வேணும்" என்றார். மிஸ், நான், என் சிநேகிதி மூவருமாகப் போய், தோட்டத்தில் காலியாகக் கிடந்த ஒரு குவாட்டர்ஸில் தங்கினோம். முதல் நாளே மிஸ் லயத்துக்கு வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த வீட்டில் போய்ப் பூப்போட்ட கோப்பை இரவல் வாங்கி வந்து தேநீர் கொடுத்தார். மிஸ் அடுப்படிப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "உங்கட மகள் நல்லாச் சண்டை பிடிப்பா" என்றார். பாராட்டித்தான் சொன்னார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "வீட்டுல அப்புடியெல்லாம் இல்லீங்க மிஸ், வாயே தொறக்க மாட்டா. நீங்க ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க" என்று எனக்காக மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலை, தான் வழக்கமாக நின்று எண்ணுகிற இடத்தைக் காட்ட மேல்மலைக்கு எங்களைக் கூட்டிப் போனார். பனி இறங்கி எல்லாம் வெள்ளையாக இருந்தது. சற்று நேரத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த சவுக்கு மரத்தில் ஒரு கூட்டம் வெள்ளைக்கண்ணி வந்து இறங்கியது. ஒன்றையும் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. நான் சந்தோஷத்தோடு மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் மரத்துக்கு மரம் தாவி, கத்திக் கத்தி, பள்ளத்துப் பக்கம் போய் மறைந்தது. மிஸ் பெருமூச்சு விட்டார். "பார்த்தீரே பிள்ளை, எவ்வளவு அமைதி. நான் முதன்முதல் வரேக்குள்ளை இந்த மரம் முழுக்க அதுகள்தான். இப்ப ஒண்டுகூட இல்லை." அவர் கண் கலங்கியிருந்தது. சிநேகிதி என் கையை இறுகப் பிடித்தாள். எங்கோ தூரத்தில் குக்குறுவான் கத்தியதும் மிஸ் சட்டென்று திரும்பி, "அந்தா, குக்குறுவான்" என்றார். பேச்சு அவருக்குக் கேட்கிறது, குக்குறுவான் கேட்கிறது, கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்கிறது. மெல்லிய கீச்சுக்குரல் மட்டும் கேட்கவில்லை. குருவிகள் குறையவே இல்லை, மிஸ்ஸுக்குத்தான் கேட்காமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மிஸ் முன்னால் இறங்கிப் போனார். "நீ சொல்லு, நீதான் அவருடைய செல்லப்பிள்ளை" என்று சிநேகிதி சிங்களத்தில் குசுகுசுத்தாள். என்னவென்று சொல்வது? உங்கள் காது போய்விட்டது என்றா? அவருடைய பெயரே அந்தக் காதில்தான் இருந்தது. பல வருட உழைப்பு ஒரே வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் போகும். மனமுடைந்து, மாணவர்களை மலைக்குக் கூட்டி வருவதையே நிறுத்திவிடலாம். சொல்லாமல் விட்டாலோ, இல்லாத குறைவுக்குக் காரணம் தேடி நான் ஒரு பொய்யை எழுத வேண்டும். சாயங்காலம் லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "அவங்க படிச்சவங்க. இல்லைன்னு சொன்னா நீயும் இல்லைன்னு எழுதிட்டுப் போ. இம்புட்டு வருசம் கஷ்டப்பட்டு, இப்பப் போயி மொறச்சுக்கிட்டா ஒன்னைய பெயிலாக்கிருவாங்க" என்றார். "மிஸ் அப்புடிப்பட்டவங்க இல்லம்மா" என்றேன். "யாரா இருந்தாலும் மனுசங்கதான. மொகத்துக்கு நேரா ஒங்க காது கேக்கலன்னு சொன்னா யாருக்குப் பொறுக்கும்?" அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். என் பயமும் அதேதான். ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்வதற்கு மிஸ்ஸே ஒரு வழியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பது லயத்துப் படியிறங்கி வரும்போது எனக்கு உறைத்தது.

விடிந்ததும், பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், "மிஸ், இன்னைக்கு நான் உங்ககூட ஜோடியா நிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "என்னோடையோ? நீர் சண்டை பிடிப்பீரோ?" என்றார். "பிடிப்பேங்க மிஸ்." "வாரும், பாப்பம்" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். அதே இடத்தில் முதுகோடு முதுகு வைத்து நின்றோம். பனியும் அதே பனி. குளிருக்கு அவர் முதுகின் சூடு இதமாக இருந்தது. வெள்ளைக்கண்ணிக் கூட்டம் வந்தது. எழுதியது எனக்கே வாசிக்க முடியாத கோணலாக இருந்தது. நேரம் முடிந்து திரும்பினோம். அவர் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் காட்டுக்கோழியும் சொன்னார். நானும் அவற்றைச் சொல்லிவிட்டு, "வெள்ளைக்கண்ணி, பெரிய கூட்டம்" என்றேன். மிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்கை கேட்டனீர்?" "நம்ம தலைக்கு மேலங்க மிஸ்." "எப்ப?" "நின்ன நேரம் முழுக்கங்க. இப்பவும் கத்துது." முதலில் அவர் முகத்தில் வந்தது கோபம்தான். "உமக்கு உம்மட ஊரில ஆசை, பிள்ளை. அதால இருக்கிற மாதிரித் தோணுது" என்றார். சரிங்க மிஸ் என்று சொல்லிவிட என் வாய் பறந்தது. ஆறேழு தலைமுறையாகச் சொல்லி வந்த வார்த்தை அல்லவா, நாக்கின் நுனியிலேயே இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "இல்லீங்க மிஸ். அதுங்க இருக்கு. உங்களுக்குக் கேக்கல" என்றேன்.

பள்ளத்தில் இருந்து காற்று ஏறி, மரத்தின் உச்சியில் மட்டும் பனி விலகியது. மலையில் பனி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதுமில்லை, போவதுமில்லை. மிஸ் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கிளைக்குக் கிளை பச்சைப் பச்சையாகத் தத்திக்கொண்டிருந்தன. "வாயைத் திறக்குதுகள்" என்றார் மெதுவாக. "திறந்து திறந்து மூடுதுகள் பிள்ளை. சத்தம் வருதோ?" "வருதுங்க மிஸ். காது நெறைய வருது." தொலைநோக்கியை இறக்கிவிட்டு, தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன், அழவும் செய்தார். ஆனால் அந்த அழுகைக்குள் இருந்து வந்த வார்த்தையை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அதுகள் போகேல்லை" என்றார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திரும்பவும் சொன்னார். "அதுகள் ஒரு இடமும் போகேல்லை. கடவுளே! இவ்வளவு வருஷமும் நான் ஒருத்தரும் சாகாமல் செத்தவீடு கொண்டாடியிருக்கிறன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சண்டை இன்னும் முடியேல்லை. எத்தினை எண்டு சொல்லும்" என்றார். அன்று ரொட்டி சாப்பிட வெகு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் அவரே லயத்துக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா நடுங்கிப்போய், "தெரியாம பேசிட்டா மிஸ், சின்னப் புள்ளங்க" என்றார். "தெரிஞ்சுதான் பேசினவ. நீங்கள் இவவை நல்லா வளர்த்திருக்கிறியள்" என்றார் மிஸ். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நிம்மதியைப் பட்டமளிப்பு அன்றுகூட நான் பார்க்கவில்லை.

கண்டியில் காதைப் பரிசோதித்தார்கள். உச்சத்து மெல்லிய ஒலிகள் மெல்ல மெல்லப் போய்விட்டன, வயதானால் பலருக்கும் வருவதுதான் என்றார் வைத்தியர். மிஸ் காதில் கருவி மாட்டிக்கொண்டார், பேச்சு துலங்கியதே தவிர வெள்ளைக்கண்ணி திரும்பவில்லை. மிஸ் தான் எழுதிய கட்டுரைகள் தவறு என்று தானே எழுதி அனுப்பினார். குருவி போகிறது என்று பேசிய ஒவ்வொரு சபையையும் தேடிப் போய், போனது குருவியல்ல, என் காது என்று சொன்னார். சிலர் முகத்துக்கு முன்னாலேயே சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எல்லாத் தோட்டத்திலும் எல்லாப் பறவையும் சௌக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. மாணவர்கள் ஜோடி ஜோடியாகத் திரும்ப எண்ணியபோது, மரம் வெட்டிய சில மலைகளில் வெள்ளைக்கண்ணி உண்மையாகவே குறைந்திருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. என் ஆய்வும் அதுவாகவே ஆனது. அதன்பிறகு மிஸ் ஒருநாளும் தனியாக எண்ணவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் பாடமே இந்தக் கதைதான். சொல்லிவிட்டு, "இனி என்னோடை ஆர் சண்டைக்கு வாறியள்?" என்று கேட்பாராம். இப்போதெல்லாம் நிறையக் கைகள் உயர்கின்றனவாம்.

மேடையில் சிரித்து முடித்த பிறகு ஒலிவாங்கி முன் வந்தவர், பாராட்டுரை வாசித்த இளைஞரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு இதே கதையைச் சபைக்குச் சொன்னார். அந்த இளைஞர் முகம் சிவந்து, பிறகு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். வெளியே வந்ததும் அம்மா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "மால போடுற எடத்துலயும் உண்மையத்தான் பேசணுமாங்க?" என்று கேட்டார். அம்மாவுக்கும் இப்போது கேலி செய்ய வந்துவிட்டது.

நான் கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியல் படிப்பிக்கிறேன். மிஸ் ஓய்வு பெறப் போகிறார். மலைக்கு ஏற முழங்கால் விடுவதில்லை. அதனால் அடிக்கடி காலையில் தொலைபேசியில் கூப்பிடுவார்; இன்றைக்கும் கூப்பிட்டார். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். "வந்திட்டினமோ?" என்பதுதான் முதல் கேள்வி. "வந்துட்டாங்க மிஸ். பின்னாடி கொய்யா மரத்துல நிக்கிறாங்க" என்றேன். "கூட்டமோ?" என்றார். "பெரிய கூட்டங்க." சொன்ன உற்சாகத்தில், புத்தியில்லாமல், போனை ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்கண்ணிகள் பக்கம் நீட்டிப் பிடித்தேன். திரும்பக் காதில் வைத்து, "கேட்டுச்சுங்களா மிஸ்?" என்று கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார், தேநீரை உறிஞ்சிக்கொண்டே, சாவதானமாக. "எனக்கேன் கேக்க வேணும்? உமக்குக் கேக்குதுதானே. அது போதும்."